கையுறை கழற்றாதவர்

ஆல்பனியில் ஒரு நீச்சல்குளத்தில்தான் அவரைக் கண்டேன். உறைந்த ஏரியின் பனிக்கட்டிக்கு அடியில் முக்குளிக்க என் மகளைப் பழக்கியவர் அவர். குளத்தை மூடிய கறுப்புத் தார்ப்பாய்தான் அங்கே பனிக்கட்டி. நடுவில் விட்ட ஒரு துவாரம்தான் மேலே வர வழி.

குட்டையான, தொப்பை வைத்த மனிதர். கோடை வெயிலிலும் தடித்த கையுறையைக் கழற்றமாட்டார். அதோடுதான் வாழைப்பழம் உரிப்பார், சட்டைப் பொத்தான் பூட்டுவார். கொடுங்குளிரில் கயிற்றுக் கொக்கிகளைக் கையுறையோடுதான் கழற்ற வேண்டுமாம்; அதற்குப் பழகுகிறாராம்.

மகள் தண்ணீருக்குள் இருந்தாள். அவள் உடம்பில் பிணைத்த கயிற்றின் மறுமுனை அவர் கையில். நான் மெல்லக் கேட்டேன்.

"தம்பி, இவள் இதுக்குச் சரிவரமாட்டாள் எண்டு சொல்லிவிடுங்கோ."

அவர் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லாச் செய்யிறா, அங்கிள். நான் பொய் சொன்னா வேற ஆரிட்டயும் போவா. அங்க கயிறு பிடிக்கிறவன் போனைப் பாத்துக்கொண்டு நிண்டா?"

"எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்கும்தான். அதுதான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

தென்துருவப் பக்கம் உறைந்த ஏரிக்கு அவள் போனபோதும் அவரே கயிறு பிடித்தார். நல்லபடியாகத் திரும்பி வந்தாள். நான் கேட்டதை அவர் அவளிடம் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் அவள் என்னைச் சும்மா விட்டிருக்கமாட்டாள். அதை அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.