நசீமா இத்தா பாதியில் விட்டுப்போன கதை

வியாழக்கிழமை காலை வல்லார்பாடம் டெர்மினலில் கண்டெய்னர்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தபோது ஜோஜி அழைத்தான். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். வேலை நேரத்தில் போன் செய்கிறவன் அல்ல. "மணி, நம்ம இத்தா போயி" என்றான். எங்கே போனார் என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். "மரிச்சுட்டாங்கடா. காலத்தே சாயா போட்டுக்கிட்டு நின்னவங்க அப்படியே விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போய் எத்தல."

முந்தைய நாள் மாலைதான் அவர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார்: "ஞாயிறு மூணு மணி. மழைன்னு சொல்லி யாரும் வராம முங்க வேண்டாம்." அந்த வரிக்குக் கீழே நான் போட்ட கட்டைவிரல் இன்னும் அப்படியே இருக்கிறது.

நாங்கள் இத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்ட நசீமாவைச் சரக்குக் காப்பீட்டு சர்வேயராக அறிந்தவர்கள் மட்டாஞ்சேரி பஜாரில் நிறையப் பேர். நனைந்த ஏலக்காய் கப்பலில் நனைந்ததா, கிடங்கில் நனைந்ததா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. இத்தாவின் உடல் கிடந்த மய்யித்து வீட்டில் கதறி அழுத ஜோஜியைப் பார்த்து, "இது யாரு?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்காகவும் இதை எழுதுகிறேன்.

மிளகுக் கிடங்குக்கு மேலே இருந்த அவர் வீட்டு மேசையில் நாங்கள் நால்வரும் கதை ஆடினோம். இத்தா ஒரு துறைமுக ஊரைச் சொல்லால் கட்டுவார். கடுகுத்துறை என்று பெயர். அங்கே உப்பு வியாபாரியின் மகள் மரியம் காணாமல் போய்விட்டாள். ஜோஜி வேலை போன போலீஸ்காரன், நான் பத்திரிகைக்காரன், வங்கியில் வேலை பார்க்கும் ராஜி அங்கே மருத்துவர். நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். என்ன நடக்கிறது என்று அவர் சொல்வார். சந்தேகமான இடங்களில் பகடை உருளும்.

முதல் நாளே பகடை என்னைக் கைவிட்டது. மரியத்தின் அறைப் பூட்டைத் திறக்கப் பார்த்தேன். மோசமான எண் விழுந்தது. அவ்வளவுதான், துப்பு போயிற்று என்று நினைத்தேன். இத்தா சிரித்தார். "கதவு திறக்கும் மணி. ஆனா சத்தம் கேட்டு அவ வாப்பா மேல வர்றார். இப்ப என்ன செய்வீங்க?" பிறகு சாயா குடிக்கும்போது சொன்னார்: "பகடை தோத்தா நீங்க குடுக்கற வெல கூடணும். வழி அடையக் கூடாது கேட்டோ."

ஜோஜி செய்த காரியம் இதைவிடப் பெரிது. கதையில் தடயங்கள் இருந்த படகுக் கொட்டகைக்குள் நாங்கள் நுழையும் முன்பே, உள்ளே எதிரிகள் இருப்பதாக நினைத்து அதற்குத் தீ வைத்துவிட்டான். ராஜி தலையில் கை வைத்துக்கொண்டாள். இத்தாவின் முகம் மாறவே இல்லை. அடுத்த வாரம் அவர் சொன்ன கதையில், மரியம் ஏறித் தெற்கே போன படகை மீன் விற்கும் பெண் பார்த்திருந்தாள். அந்தப் படகின் சுண்ணாம்பு படிந்த கயிறு ஒரு கடைக்காரரிடம் இருந்தது. "துப்பை ஒரே எடத்துல மட்டும் வெச்சா, அது நீங்க தோத்ததில்ல, நான் தோத்தது" என்றார். ஜோஜி அன்று நெய்யப்பம் வாங்கி வந்திருந்தான், மன்னிப்புக்காக.

மழைக்காலத்தில் ஒருநாள், கரை ஒதுங்கிய ஒரு பெண்ணின் செருப்பை விவரித்துக்கொண்டிருந்த இத்தா பாதியில் நிறுத்தினார். ராஜி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்கா பல வருடங்களுக்கு முன் பாலக்காட்டு வீட்டைவிட்டுப் போனவள். இன்றுவரை தகவல் இல்லை. எங்கள் யாருக்கும் அது தெரியாது. இத்தா அவளை அடுக்களைக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது ராஜியின் கண்கள் சிவந்திருந்தன. "நிறுத்த வேண்டாம்னு மோள் சொல்றா. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். மரியம் உயிரோட கெடைப்பா. எங்கேன்னு நீங்க கண்டுபிடிக்கணும்." செருப்பு அதற்குப் பிறகு கதையில் வரவே இல்லை.

அந்த வாக்கைக் கொடுத்தவர்தான் சாயா கொதிக்கும்போது விழுந்தார். நாற்பத்தாறு வயது. நான் இன்னும் நினைவைத் துருவிக்கொண்டிருக்கிறேன். படியேறும்போது மூச்சு வாங்கினாரா? நெஞ்சைத் தடவினாரா? ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவர் கணவர் சிராஜ் பாய்க்கும் வரவில்லை. "ராத்திரி நல்லா சாப்ட்டா. சிரிச்சா. வேற ஒண்ணுமில்ல மணி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

சில வாரங்கள் கழித்து சிராஜ் பாயே எங்களை வீட்டுக்கு அழைத்தார். மரியம் எங்கே என்று அவரிடம் கேட்டேன். "எங்கிட்ட சொல்லல. நாளைக்கு நீங்களும் ஆட வந்தா ரசம் போயிடும்னுவா" என்றார். எழுதியும் வைக்கவில்லை. இத்தா எல்லாவற்றையும் மனதில்தான் வைத்திருந்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். இத்தாவின் நாற்காலியைப் பார்க்கவே முடியவில்லை.

ராஜிதான் எழுந்து போய் அதில் உட்கார்ந்தாள். "நமக்குத் தெரிஞ்சதை வெச்சே போலாம். படகு தெற்கே போச்சு. கயித்துல சுண்ணாம்பு இருந்தது. சுண்ணாம்புச் சூளை இருக்கற தீவு ஒண்ணுதான்." பகடையைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டாள். "கரையில ஒரு பொண்ணு வலை உலர்த்திண்டிருக்கா. உங்களைப் பாத்துட்டா. ஓடலை. என்ன செய்யறேள்?"

ஜோஜி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேர் கேக்கறேன்" என்றான்.

"மரியம்" என்றாள் ராஜி. பக்கத்து அறையில் சிராஜ் பாய் விம்முவது கேட்டது.

இத்தா நினைத்திருந்த முடிவு இதுதானா என்று எங்களுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, கேள்வி கேட்டபின் அவர் காத்திருந்த விதம். எவ்வளவு நேரமானாலும் பதிலை எடுத்துக் கொடுக்க மாட்டார். நாம் ஏதோ நல்லதைச் சொல்லப்போகிறோம் என்று நம்பி, முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நேற்று டெர்மினலில், முத்திரை உடைந்த கண்டெய்னரோடு வந்த ஓட்டுநர் என் முன்னால் பயந்து நின்றார். என்ன நடந்தது என்று கேட்டேன். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர் பேசும்வரை காத்திருந்தேன்.