ஐரோப்பாவிடம் 'வேண்டாங்க' என்ற எங்கள் எம்.பி.

நாடாளுமன்றத்தில் பேச எழுந்து, நாற்பதாவது விநாடியில் தானாகவே உட்கார்ந்துவிட்ட ஒரு மனிதரிடம் நான் பதினோரு வருஷம் உதவியாளராக இருந்தேன். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. மைக்கும் அணையவில்லை. அவராகவே உட்கார்ந்தார். பீளமேட்டு ஆபீசில் டி.வி. முன்னால் நின்று அதைப் பார்த்த எனக்கு, தலையில் அடித்துக்கொள்ளக் கை ஒன்று போதவில்லை.

எம்.பி. ஆபீஸ் வேலை எப்படி இருக்கும் என்று புதிதாகச் சேருகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரிய படிப்பு தேவையா என்கிறார்கள். நான் பத்தாவதோடு நின்றவன். மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்து, மில் மூடியபின் இங்கே வந்தேன். நாடாளுமன்ற விதிப் புத்தகத்தை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு நானே படித்தேன். படிப்பு கடினமில்லை. பொறுமைதான் கடினம். ஒரே ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன், உங்களுக்கே புரியும்.

1. பம்ப் இல்லாமல் ஒரு கேள்வியா?

தேவகி அம்மா சூலூர் பக்கம் சின்னதாக ஒரு பவுண்டரி நடத்துகிறார். தண்ணீர்க் குழாயை வளைக்கவும் பிரிக்கவும் போடுகிற எல்போ, டீ மாதிரியான வார்ப்பிரும்பு பிட்டிங்குகள் செய்கிறார். வருஷத்துக்கு ஒரு கண்டெய்னர் இத்தாலிக்குப் போகும். அந்த ஒரு கண்டெய்னருக்காகவே அவருடைய கோர் ரூமில் எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். கோர் என்பது, பிட்டிங்கின் நடுவே துவாரம் விழுவதற்காக அச்சுக்குள் வைக்கும் மணல் உருவம்.

ஒரு நாள் ஒரு மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார்.

"ஏனுங்க சார், எங்கிட்டச் சரக்கு வாங்கற இத்தாலிக்காரப் பையர் இப்படி எழுதியிருக்காருங்க. இரும்பு உருக்கறப்ப எத்தன கார்பன் போச்சுன்னு கணக்குப் போட்டு, அவிய ஒத்துக்கற ஆளுகிட்ட சர்டிபிகேட் வாங்கித் தரோணுமாம். இல்லாட்டி பொங்கலோட ஆர்டர நிறுத்திக்கறாராம். அந்த ஆளு இந்தப் பக்கம் எங்கீங்க இருக்காரு? பொகைய நான் எந்தப் படியில அளக்கறதுங்க?"

ஆபீசில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"எட்டுப் பேருங்க. ஆர்டர் போச்சுன்னா கோர் ரூமப் பூட்டோணும். அவியகிட்ட நான் இன்னும் வாயத் தொறக்கலீங்க."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கே உட்கார்ந்து கேள்வி எழுதினேன். இறக்குமதி இரும்புச் சாமானுக்கு, அதைச் செய்யும்போது வெளியேறிய கார்பனைக் கணக்கிட்டு ஐரோப்பா போடும் கார்பன் வரியால் பிட்டிங் செய்யும் சிறு பவுண்டரிகளுக்கு என்ன பாதிப்பு? இங்கேயே சான்று வாங்க வழி செய்யச் சொல்லி அரசு ஐரோப்பாவிடம் பேசியிருக்கிறதா? இரண்டே வாக்கியம். எழுதி எம்.பி.யிடம் நீட்டினேன்.

எங்கள் எம்.பி. அரசியலுக்கு வருமுன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவர். தங்கமான மனிதர். ஆபீசுக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் அவரைப் பற்றி ஒன்று சொல்வார்: "நம்ம எம்.பி. ஊட்டுல தெலுங்கு பேசுவாரு, தொகுதியில தமிழ் பேசுவாரு, டெல்லியில மரியாதை பேசுவாரு." எம்.பி. என் தாளை வாங்கிப் பார்த்தார். பேனாவை எடுத்தார். 'பிட்டிங்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'பம்ப்' என்று எழுதினார்.

"சார், அந்த வரி பம்புக்குக் கெடையாதுங்க. பிட்டிங்குக்குத்தான் உண்டுங்க" என்றேன்.

"வேலுச்சாமி, கோயமுத்தூர்க்காரன் போயி பம்பு இல்லாம ஒரு கேள்வி கேட்டா ஊரு சிரிக்காதுங்களா?"

"விஷயம் பிட்டிங்குங்க."

"ரெண்டுலயும் தண்ணிதானுங்க போகுது?"

இதற்கு விதிப் புத்தகத்தில் பதில் இல்லை. கேள்வி குலுக்கலில் தேறி, சில வாரத்தில் எழுத்துப்பூர்வமாகப் பதில் வந்தது. பம்புகள் அந்த வரியின் கீழ் வரவில்லை. ஆகவே மற்றக் கேள்விகள் எழவில்லை. அவ்வளவுதான் பதில்.

எம்.பி. முகமெல்லாம் மலர்ந்து என்னைக் கூப்பிட்டார். "பாத்தீங்களா? பம்பக் காப்பாத்திப்போட்டோம்!"

2. நாற்பது விநாடி

அடுத்த கூட்டத்தொடரில் ஜீரோ ஹவரில் பேசுவது என்று முடிவானது. அவசர விஷயங்களைச் சுருக்கமாக எழுப்ப உறுப்பினர்களுக்குக் கிடைக்கிற நேரம் அது. நோட்டீஸ் கொடுத்து, குலுக்கலில் பெயர் வந்தால்தான் வாய்ப்பு. மூன்று தடவை வரவில்லை. நான்காவது தடவை வந்தது. இந்த முறை பம்ப் கூடாது என்று கையெழுத்து வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பினேன். தமிழிலேயே பேசலாம், மொழிபெயர்த்துச் சொல்ல அங்கே ஆள் உண்டு.

தேவகி அம்மா அன்றைக்குப் பவுண்டரியை மேஸ்திரியிடம் விட்டுவிட்டு ஆபீசுக்கு வந்திருந்தார். டி.வி.யில் எங்கள் எம்.பி. எழுந்தார். அவைத்தலைவருக்கு நன்றி சொன்னார். கட்சிக்கு நன்றி சொன்னார். தொகுதி மக்களுக்கு நன்றி சொன்னார். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவருக்கு ஏன் நன்றி சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு, "ஐரோப்பாவுல…" என்று ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து, வேறு மாநிலத்து உறுப்பினர் ஒருவர், எண்பது வயதிருக்கும், ஏதோ சொல்ல எழுந்தார். ஒருவர் பேசும்போது இன்னொருவர் எழுந்தால், பேசுகிறவர் இடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நின்று பேசிக்கொண்டே இருக்கலாம். விதி அப்படி. உட்கார்ந்தால், இடம் கொடுத்துவிட்டதாக அர்த்தம்.

எங்கள் எம்.பி. கைகூப்பினார். உட்கார்ந்தார்.

பெரியவர் தம் ஊரில் ரயில் நிற்பதில்லை என்பதைச் சாவகாசமாகச் சொல்லி முடித்தார். அவைத்தலைவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

தேவகி அம்மா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "உருக்குன இரும்ப அச்சுல ஊத்தறப்பக் கை நிக்கக் கூடாதுங்க சார். பாதியில நிறுத்திப்போட்டு மறுக்கா ஊத்துனா இரும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. அதக் 'கோல்ட் ஷட்'னு சொல்லுவோம். அந்தப் பீஸ ஒடச்சுத் திரும்ப உலையிலதான் போடோணும்."

எம்.பி. ஊருக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க சார் உக்காந்தீங்க?"

"வயசுல மூத்தவரு எந்திரிச்சுப்போட்டாருங்க. அவரு நிக்கறப்ப நான் பேசிட்டே நின்னா நல்லாவா இருக்கும்?"

"நீங்களும் நின்னுட்டுத்தானுங்க இருந்தீங்க!"

"அதுதானுங்க தப்பு. அதனாலதான் உக்காந்தேன்."

சூலூர் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். படியில் நின்று எல்லாருக்கும் ஒதுங்குகிறவர்களைப் பார்த்து, "எறங்கறவிங்களுக்கு வழி உட்டு, வழி உட்டு, கடைசியில நீங்களே எறங்கிப்போடாதீங்க" என்பார். அந்தக் கண்டக்டரை டெல்லிக்கு அனுப்பியிருக்கலாம் என்று தோன்றியது.

வருஷக் கடைசியில் 'நாடாளுமன்றத்தில் நம் எம்.பி.' என்று ஒரு புத்தகம் அச்சடிப்போம். அதில் ஐரோப்பிய விவகாரம் என்ற தலைப்பு வைத்தே ஆக வேண்டும் என்றார். அவைக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஐரோப்பா பற்றி அவர் பங்களிப்பு 'ஐரோப்பாவில்' என்ற ஒற்றைச் சொல். அதையும் மூன்று புள்ளியையும் வைத்து நான் அரைப் பக்கம் எழுதினேன். என் பணிக்காலத்தில் நான் வெட்கப்பட்ட பக்கம் அதுதான்.

3. விருந்து

பொங்கலுக்கு ஆறு வாரம் இருந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றத்திலிருந்து நான்கு உறுப்பினர்கள் கோவைக்கு வருவதாகத் தகவல் வந்தது. இரு நாடாளுமன்றங்களுக்கும் இடையே நட்புக்குழு ஒன்று உண்டு. அதில் எங்கள் எம்.பி.யும் இருந்தார். பெயர் கேட்டபோது யாரும் கை தூக்காததால், கேட்டவர் மனம் நோகுமே என்று தூக்கியவர் இவர்.

வருகிறவர்களில் ஓர் அம்மா, அந்தக் கார்பன் வரிச் சட்டத்தைத் திருத்திய குழுவிலேயே இருந்தவர் என்று படித்தேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சாமியே படியேறி வருகிற மாதிரி இருந்தது. ஆறு பக்கத்துக்கு மனு தயாரித்தேன். தேவகி அம்மாவையும் வரச் சொன்னேன். மொழிபெயர்க்கக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவரை ஏற்பாடு செய்தேன்.

எம்.பி. வீட்டில் மதியச் சாப்பாடு. இலை போட்டதும் நான் எம்.பி. காதருகே குனிந்தேன். "சார், இப்பக் கேட்டுப்போடலாங்களா?"

"ஊட்டுக்கு வந்தவிங்க வாயில சோறு இருக்கறப்ப மனுக் குடுக்கறதாப்பா? சித்தெ இருங்க."

சாப்பிட்டு முடித்தார்கள். கை கழுவட்டும் என்றார். கழுவினார்கள். வெத்தலை போடட்டும் என்றார். அதையும் போட்டு, நாக்கு சிவந்ததைப் பார்த்து நான்கு பேரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று டிரைவர் வந்து நின்றார். மனு என் கையில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

வாசலில் அந்த ஐரோப்பிய அம்மாவே நின்று திரும்பினார். டீச்சர் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார்: "இவ்வளவு அன்பாக் கவனிச்சீங்களாம். உங்களுக்கு அவங்க செய்யக்கூடியது ஏதாவது இருக்கான்னு கேக்கறாங்க, சார்."

நானும் தேவகி அம்மாவும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம்.

எம்.பி. கைகூப்பிச் சிரித்தார். "அய்யோ, ஒண்ணும் வேண்டாங்க. நீங்க வந்ததே போதுமுங்க."

நம் ஊரில் இதற்கு அர்த்தம் வேறு. சோறு வேணுமா என்றால் வேண்டாங்க என்போம். இன்னொரு தடவை கேட்க வேண்டும். அப்போதும் வேண்டாங்க. மூன்றாம் தடவை கரண்டியோடு வந்து நின்றால், "சரி, கொஞ்சமா வையுங்க." இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஐரோப்பாவுக்குத் தெரியாது. டீச்சர் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தார். அந்த அம்மா மகிழ்ச்சியாகத் தலையசைத்துவிட்டுக் கார் கதவில் கை வைத்தார்.

எம்.பி. இன்னும் சிரித்துக்கொண்டே நின்றார். இரண்டாம் தடவை கேட்பார் என்று காத்துக்கொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், காத்துக்கொண்டிருந்தார்.

நான் ஒன்றும் செய்யவில்லை. எம்.பி. வேண்டாம் என்றபின் உதவியாளன் வேண்டும் என்பதா என்று எனக்கும் வாய் கட்டிவிட்டது. நானும் இதே மண்தானே.

தேவகி அம்மா முன்னால் போனார். "டீச்சரம்மா, இதச் சொல்லுங்க. ஐயா வேண்டாம்னது அவருக்கு. எனக்கு வேணுங்க."

கார் கதவு பாதியில் நின்றது.

நான் மனுவை நீட்டப் போனேன். தேவகி அம்மா என் கையைத் தள்ளினார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "என்ற பையரு சின்ன ஆளுங்க. அப்பனும் மகனுமா ஒரு கடை. கப்பல் கப்பலா எறக்குற கம்பெனிக்கு இருக்கற சட்டம் அவிங்களுக்கும் அதேதானுங்களா?"

அந்த அம்மா எதிர்க்கேள்வி கேட்டார். வருஷத்துக்கு எவ்வளவு எடை வாங்குகிறார்? இரும்புச் சாமான் வேறு எங்கிருந்தாவது இறக்குகிறாரா?

"ஒரு கண்டெய்னருதானுங்க. எங்கிட்ட மட்டுந்தான்."

அந்த அம்மா சிரித்தார். சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது, குறிப்பிட்ட எடைக்குக் கீழே இறக்குகிறவருக்கு இந்த வரியும் கிடையாது, சான்றும் கிடையாது என்றார். ஒரு கண்டெய்னர் அந்த எடைக்குள்தான் அடங்கும். அந்த இத்தாலிக்காரருக்கு இறக்குமதி வேலை பார்க்கிற ஏஜெண்டு எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியிருப்பார் என்றார். சட்டப் பிரிவின் எண்ணைத் தம் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

வாசலில் நின்று பேசியது ஐந்து நிமிஷம்கூட இல்லை. ஒரு கேள்வி, நான்கு குலுக்கல், ஒரு ஜீரோ ஹவர், ஆறு பக்க மனு. இத்தனையிலும், உங்கள் பையர் மொத்தமாக எவ்வளவு வாங்குகிறார் என்று தேவகி அம்மாவிடம் ஒரு தடவையாவது நான் கேட்டேனா? இல்லை. எம்.பி. மேல் எனக்கு இருந்த எரிச்சலில் பாதி அன்றைக்கு என் மேலேயே திரும்பியது.

4. காபி

அந்தச் சட்டப் பிரிவை எழுதி அனுப்பியதும், இத்தாலிக்காரர் தம் ஏஜெண்டிடம் விசாரித்துவிட்டு ஆர்டரை உறுதி செய்தார். பொங்கல் கழித்துக் கண்டெய்னர் கிளம்பிய அன்று எம்.பி.யும் நானும் சூலூருக்குப் போனோம். கோர் ரூமில் எட்டுப் பெண்களும் இருந்தார்கள். பூட்டு வரை வந்த விஷயம் அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மனு கொண்டு வருகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே சின்னக் கேள்விகளையெல்லாம் கேட்டுவிடுங்கள். பெரிய சபைக்கு அப்புறம் போகலாம். இன்னொன்று, தொகுதிக்காகக் கேட்கப் போன இடத்தில் மரியாதைக்காக வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அந்த 'வேண்டாங்க' வேறு யாரோ எட்டுப் பேருடைய சோறு.

இதை எம்.பி.யிடமும் காரில் வரும்போது சொல்லியிருந்தேன். "நெசந்தானுங்க, நெசந்தானுங்க" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார்.

தேவகி அம்மா மணல் கையைத் தட்டிவிட்டு வந்தார். "வாங்க, வாங்க. காபி சாப்புடறீங்களா?"

"வேண்டாங்க" என்றோம், இரண்டு பேரும் ஒரே குரலில்.

"சரிங்க" என்றார் அவர். உள்ளே திரும்பி, "ஏனம்மணி, அடுப்ப அணச்சுப்போடு. ரெண்டு பேருக்கும் வேண்டாமாம்" என்று குரல் கொடுத்துவிட்டு அச்சு வரிசையைப் பார்க்கப் போய்விட்டார். கோர் ரூமில் எட்டுப் பேரும் சிரித்தார்கள்.

நின்றோம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. எம்.பி. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவரே அச்சு வரிசைப் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மணி… எனக்குக் காபி வேணுங்க."

பதினோரு வருஷத்தில், யாருக்கும் இடம் கொடுத்து உட்காராமல் அவர் கேட்டு முடித்த முதல் கோரிக்கை அதுதான்.