மதிலுக்கு அப்பால் விழுந்த கரி

ஒரு பழுதை நீக்குவதும், அதை எதிர்த்துப் பேச முடியாதவர்கள் பக்கம் திருப்பிவிடுவதும் ஒன்றாகிவிடுமா? இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்தில், செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் ஒரு டிராக்டர் ஓட்டுநரைச் சந்தித்தது முதல் இக்கேள்வி என்னை விடவில்லை.

மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இராது. எதைத் தொட்டாலும் உடனே மண்ணெண்ணெயில் கைகழுவி, விரல் விரலாகத் துடைப்பார். பண்ணைக் களத்தில் அவருடைய சிறிய டீசல் டிராக்டர் கடலை உடைக்கும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. அதன் புகைக்குழாய் எண்ணெய்ப் பிசுக்கோடு கரியைக் கக்கியது. பண்ணையார் வீட்டில் கரி படிகிறது என்று புகார் வந்ததும், ஓட்டுநர் ஒரு தகரக் குழாயைப் பொருத்திப் புகையை மதிலுக்கு அப்பால் திருப்பிவிட்டிருந்தார். அங்கே கூலியாட்களின் குடிநீர்க் கிணறு இருந்தது.

கூலிக்காரப் பெண் ஒருத்தி அந்தக் கிணற்றில் மொண்ட குடத்தோடு வந்து நின்றாள். நீரின்மேல் கரிய எண்ணெய் மிதந்தது.

"இன்னா மேஸ்திரி, பழுது பாத்துட்டேன்னீங்க? இத்த ஒரு வாய் குடிச்சிக் காட்டுங்க."

ஓட்டுநர் குடத்தைக் கையால் ஒதுக்கினார். "டீசல பீச்சுற நாசிலக் கழட்டித் தொடச்சா சரியாப்பூடும். ஆனா ஒரு நாள் வேலை கெட்டுப்பூடும். ஐயா வூட்டுக்குப் பொக வருதா? வரல. அவ்ளோதான்" என்றார். பிறகு, குடத்தைத் தொட்ட விரல்களைத் துடைக்கத் தொடங்கினார்.

எனக்கு அந்த நீரைவிட அந்தச் சுத்தமான விரல்களே அருவருப்பூட்டின.

பண்ணையாரிடம் முறையிட்டேன், சிரித்தார். குழாய் திரும்பவில்லை. அதன்பின் கூலிக்காரப் பெண்கள் ஊருக்கு வெளியே ஏரிவரை நடந்து தண்ணீர் சுமந்தார்கள்.