அக்காவுக்கு எழுதிய கடிதம்

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வாரப் பத்திரிகை வருகிற நாளில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு கொஞ்சம் குறைவாகத்தான் நடக்கும். ஒரு பெண் எழுத்தாளரின் தொடர்கதை அதில் வந்துகொண்டிருந்தது. பெண்ணாகப் பிறந்தவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும், ஆண்பிள்ளை எவனாலும் இப்படி எழுத முடியாது என்று ஆசிரியர் அறையில் அடித்துப் பேசுவேன். எதிர்த்துப் பேசியவர்களை லேசில் விடமாட்டேன்.

அவருக்கு 'அன்புள்ள அக்கா' என்று ஆரம்பித்து ஒரு கடிதம் போட்டேன். பதில் வந்தது. பிறகு மாதம் ஒரு கடிதமாவது போகும், வரும். அக்காவின் கடிதத்தில் சமையல் இருக்கும், பிள்ளைகளின் காய்ச்சல் இருக்கும். கதையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இருக்காது. எவ்வளவு அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தைரியத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதிவிட்டேன். என் முதல் குழந்தை இறந்தே பிறந்தது. வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. பேச்சு நின்றது, பால் நிற்கவில்லை. அது வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டினார்கள். அன்றிலிருந்து மல்லிகை வாசனை பட்டாலே எனக்கு அழுகை வந்துவிடும். ஏன் பூ வைப்பதில்லை என்று கேட்ட கணவரிடம்கூடத் தலைவலி வருகிறது என்றுதான் சொல்லியிருந்தேன்.

அடுத்த வருடம் விழுப்புரத்தில் ஒரு வாசகர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அக்கா வருவதாகத் தெரிந்தது. கையில் தூக்கோடு ஸ்டேஷனில் நிற்பேன் என்று எழுதிப் போட்டேன். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை அவித்து ஒரு தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். பெண்கள் பெட்டியிலிருந்து இறங்கிய ஒரு அம்மாள் நேராக என்னிடம் வந்தார்.

"திண்டிவனம் டீச்சர்தானே? ஒனக்கு மல்லி ஆகாதேன்னு கனகாம்பரம் வாங்கினு வந்தேன், திரும்பு."

பிளாட்பாரம் என்றும் பார்க்காமல் என் தலையில் பூவை வைத்துவிட்டார். பின்னால் பெரிய மீசைக்காரர் ஒருவர் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தார். மனைவிக்குப் பெட்டி தூக்குகிறாரே, நல்ல மனுஷர் என்று மெச்சிக்கொண்டேன்.

விழாவில் செயலாளர் எழுத்தாளரின் பெயரைச் சொல்லி அழைத்தார். மீசைக்காரர் எழுந்து மேடை ஏறினார். "என் மனைவி பெயரில் நான் எழுத ஆரம்பித்தபோது..." என்று தொடங்கினார். சபை கைதட்டியது.

எனக்குக் காது இரண்டும் எரிந்தன. நான் எழுதியதை ஒரு ஆண்பிள்ளை படித்திருக்கிறார். அதுவும் கதை எழுதுகிறவர். இன்றைக்கோ நாளைக்கோ என் பாலும் பூவும் படம் போட்டுப் பத்திரிகையில் வந்துவிடும். எங்கள் வீட்டில் கணவர், மாமியார் எல்லோரும் படிக்கிற பத்திரிகை அது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். அக்கா பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தார்.

"என் கடுதாசியப் படிச்சது யாருங்க?" என்றேன். அக்கா என்று கூப்பிட வாய் வரவில்லை.

"நான்தான். பதில் போட்டதும் நான்தான். அவருக்குக் கதை, பொம்பளைங்க கடுதாசி எனக்கு. எம்பேருக்குத்தானே வருது?"

"அவரு பாக்கலியா?"

"ஒன் கடுதாசியப் படிச்சிட்டு அழுதுகினு இருந்தேன். என்னன்னு கேட்டாரு. சொல்லல. கதைக்கு ஆகுமான்னாரு. இது என் தங்கச்சி சமாச்சாரம், உங்களுக்கு இதுல ஒண்ணும் கெடையாதுன்னு பீரோவுல வச்சிப் பூட்டிட்டேன். சாவி எங்கிட்ட கீது."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு மனுஷிக்கு முன்னால் அந்தக் குழந்தைக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை. உள்ளே மீசைக்காரர் பெண் மனம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நடுவில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பொண்ணா, புள்ளையாம்மா?"

அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

"பொண்ணு, அக்கா" என்றேன்.