அம்மா யாரோடு பேசிக்கொண்டு வந்தாள்?

எங்கள் அம்மாவுக்கு வாய் ஓயாது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் அவளுக்கு இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "அப்பா, துணிய எடுத்துட்டு வாரேன், பொங்கிராமப் பாத்துக்கிடுங்க" என்பாள். சாவி காணாமல் போனால், "எங்கப்பா வச்சேன், செத்த காட்டுங்க" என்பாள். "ஒங்கம்மா யாருகிட்டட்டி பேசுதா?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்கும்போதெல்லாம் எனக்கு மானம் போகும்.

ஜெபம் எது, புலம்பல் எது என்று எனக்குத் தெரியாதா என்ன? மம்சாபுரத்தில் எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஜெபம் உண்டு. பாயில் முழங்கால் போட வேண்டும். அம்மா முக்காடு போட்டுக்கொள்வாள். என் அப்பா கண்ணை மூடி, பிரசங்கத் தமிழில், "பரிசுத்தமுள்ள பிதாவே" என்று தொடங்குவார். நடுவில் நான் கண்ணைத் திறந்தால் தொடையில் கிள்ளு விழும். அதுதான் ஜெபம். மற்ற நேரமெல்லாம் அம்மா முணுமுணுப்பது, நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன அவளுடைய அப்பாவிடம் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

தம்பிக்கு இளைப்பு உண்டு. ஒரு நாள் மத்தியானம் தெருமுனையில் யாரோ குப்பையைக் கொளுத்திவிட்டார்கள். புகை வீட்டுக்குள் வந்ததும் அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. உறிஞ்சுகிற மருந்துக் குப்பியை அழுத்தினால் வெறும் காற்றுதான் வந்தது. அப்பா ராஜபாளையம் மில்லில் வேலைக்குப் போயிருந்தார். அம்மா போனைக்கூட எடுக்காமல் ஹெல்மெட்டை மாட்டி ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

"ஏட்டி, தம்பிய இறுக்கிப் பிடிச்சுக்கோ."

பின்னால் இருந்து அவனைப் பிடித்துக்கொண்டேன். அவன் நெஞ்சு என் கைக்குள் விசில் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வரை அம்மா பேச்சை நிறுத்தவில்லை. "அப்பா, அந்த லாரிய ஒதுங்கச் சொல்லுங்க. அப்பா, புள்ளைக்கு மூச்சு குடுங்க. செத்த நேரம் தாங்கட்டும்பா." கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, வண்டியும் ஓட்டிக்கொண்டு. இந்த நேரத்திலுமா தாத்தா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒழுங்காக ஜெபம் செய்ய மாட்டாளா?

ஊருக்குள் நுழைந்ததும் டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் கையைக் குறுக்கே நீட்டி வண்டியை நிறுத்தினார்.

"ஏம்மா, ஹெல்மெட்டுக்குள்ள போனச் சொருகிக்கிட்டுப் பேசிக்கிட்டே வாரியா? ரெண்டு பிள்ளைகள வேற வச்சிருக்க."

"போன் இல்ல சார். வீட்ல கெடக்கு. புள்ளைக்கு முடியல சார்."

"நானும் அங்கேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், வாய் ஓயல. யாருகிட்டப் பேசுன?"

"எங்க அப்பாகிட்ட சார்."

"இப்பத்தான போன் இல்லன்ன? கழட்டு ஹெல்மெட்ட."

அம்மா தாடைக்கடியில் வாரைப் பிடித்து இழுத்தாள். வார் கழலவில்லை. தம்பியின் கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. எனக்கோ பயத்தோடு பயமாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. செத்துப்போன தாத்தாவை உயிரோடு இருக்கிறவர்போல அம்மா போலீஸிடமே பொய் சொல்லிவிட்டாள். உயிர் போகிற நேரத்தில் பொய் சொன்னால் ஆண்டவர் சும்மா விடுவாரா? தண்டனையைத் தம்பி தலையில் இறக்கிவிட்டால்?

ஹெல்மெட் கழன்றது. உள்ளே ஒன்றும் இல்லை. அப்போதுதான் போலீஸ்காரர் குனிந்து தம்பியின் முகத்தைப் பார்த்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் உடனே தன் பைக்கை எடுத்து, ஹாரனை அழுத்திக்கொண்டே முன்னால் வழிவிலக்கிப் போனார். அம்மா அவர் பின்னாலேயே போனாள், அதே பேச்சோடு. நான் தம்பியின் முதுகில் முகத்தைப் புதைத்துக் கண்ணை மூடினேன். அப்பா கற்றுக்கொடுத்த தமிழில், "பரிசுத்தமுள்ள பிதாவே, என் தாயார் சொன்ன பொய்யை மன்னியும், அதற்காக என் தம்பியை எடுத்துக்கொள்ளாதேயும்" என்று வேண்டினேன். ஆமென் சொல்லவும் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பி மூக்கில் மாஸ்க்கை மாட்டினார்கள். மருந்துப் புகை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. டாக்டர் "பாப்போம்" என்றதோடு சரி. அம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துத் தம்பியின் நெஞ்சில் விசில் அடங்கியது. அவன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் ஜெபம் கேட்கப்பட்டது என்று உள்ளூரப் பெருமையும்தான்.

டியூட்டி முடிந்து போகிற வழியில் அந்தப் போலீஸ்காரர் வார்டுக்குள் எட்டிப் பார்த்தார். வழியில் நிறுத்திக் கேள்வி கேட்டதற்கு வருத்தப்பட்டவர்போலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பையனுக்குத் தேவலையாம்மா? ஒங்க அப்பா வந்து சேந்துட்டாரா?"

அம்மா தம்பியின் தலையைக் கோதியபடி, "அவிய அப்பமே வந்துட்டாக சார்" என்றாள்.

நான் சட்டென்று வாசலைப் பார்த்தேன். வராந்தாவையும் எட்டிப் பார்த்தேன். யாருமே இல்லை. இப்போதுதான் பிள்ளைக்கு மூச்சு வந்திருக்கிறது, அதற்குள் இன்னொரு பொய்யா? போலீஸ்காரர் போகட்டும் என்று காத்திருந்தேன். அவர் படி இறங்கியதும் கட்டிலோரம் முழங்கால் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அம்மாவுக்காக மறுபடியும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.