பிரேக் ரப்பர் வராத மாதங்கள்

ஒரு துரை சீமைக்குக் கிளம்பியதால்தான் எங்கள் வீட்டுக்குக் கார் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். டிக்கோயாப் பக்கத்துத் துரை ஒருவர் ஹட்டனில் என் கணவரின் ஜவுளிக் கடைக்குத் திரைச்சீலைத் துணி வாங்க வருவார். போகும்போது தன் கறுப்புக் காரை இவரிடம் விற்றுவிட்டுப் போனார். அப்போதே அது பழைய கார்தான்.

கடைவீதியில் கார் வைத்திருந்த மற்றவர்கள் அதைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தி வைப்பார்கள். இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். எத்தனை மைலுக்கு ஒருமுறை என்ஜின் ஒயில் மாற்றுவது, எங்கெங்கே கிரீஸ் அடிப்பது, பிரேக்கை எப்போது கழற்றிப் பார்ப்பது என்று காரோடு வந்த புத்தகத்தில் எல்லாம் இங்கிலீஷில் போட்டிருந்தது. நான் நுவரெலியாவில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படித்துப் பொருள் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகச் செய்வார். மழை பெய்தாலும் சரி, விருந்தாளி வந்தாலும் சரி, தவணை தவறாது. எனக்கு எரிச்சலாக இருக்கும். ஊர் சுற்றக் கார் வாங்கினோமா, சீராட்டி வளர்க்க வாங்கினோமா என்று கேட்டிருக்கிறேன்.

அவர் பயந்த மனிதர். அதை மறைக்கவும் மாட்டார். "ஏத்தத்துல வண்டி நின்னு போனா தள்ளிக்கலாம். எறக்கத்துல நிக்காமப் போனா யாரு புடிக்கிறது?" என்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான்கள் வருவதைக் கட்டுப்படுத்தியது. முதலில் எங்கள் கடையில் நல்ல துணி குறைந்தது. பிறகு கராஜ்களில் உதிரிப் பாகங்கள் இல்லாமல் போயின. பிரேக் ரப்பர்களை மாற்றவேண்டிய தவணை வந்தபோது, கராஜ்காரர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவர் சிங்களவர். எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

"ரப்பர் தேஞ்சு போச்சு முதலாளி. ஒயில் கசியுது. கொழும்புக்குச் சொல்லி வச்சிருக்கேன். எப்ப வரும்னு சொல்ல ஏலாது."

"அது வரைக்கும்?"

"டவுனுக்குள்ள மெதுவா ஓட்டலாம்."

இவர் அதுவும் வேண்டாம் என்றுவிட்டார். காரைக் கொட்டகையில் விட்டுச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். வாரத்துக்கு ஒருநாள் என்ஜினை மட்டும் ஓடவிட்டு நிறுத்துவார். மாதங்கள் போயின. ரப்பர் வரவில்லை.

சிவனொளிபாதமலைக்கு யாத்திரைக் கூட்டம் போகும் பருவத்தில் ஒரு காலை, பக்கத்து எண்ணெய்க் கடையிலிருந்து எனக்குப் போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். பேசியது என் தங்கையின் கணவர். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளை. தங்கைக்கு அது தலைப்பிரசவம்.

"மதினி, விடியக் காலைல இருந்து வலி. புள்ள குறுக்கால கெடக்குன்னு மருத்துவச்சி சொல்றாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாட்டி ரெண்டு உசிரும் தங்காதாம். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டி ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. மஸ்கெலியாவுல ஒரு கார் கூட இல்ல."

ஹட்டனிலும் இல்லை. அன்று போயா, பௌர்ணமி நாள். வாடகைக் கார் அத்தனையும் யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தன. ஸ்டாண்டு வரை ஓடிப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கக் கடைக்குத் திரும்பினேன். இவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம கார எடுங்க."

"பிரேக் இல்லாத காருல புள்ளத்தாச்சிய ஏத்திக் கொல்லச் சொல்றியா?"

"அங்கயே கெடந்தாலும் சாகப் போறா."

அவர் கையிலிருந்த துணியை விரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தார். பஸ்ஸிலாவது போய் அவள் முகத்தைப் பார்க்கிறேன் என்று நான் படி இறங்கினேன். பின்னாலேயே கடைக் கதவுப் பலகைகளைப் போடும் சத்தம் கேட்டது.

கராஜ்காரர் வந்து பிரேக் ஒயிலை நிரப்பிக் கொடுத்தார். "ரெண்டு மூணு தரம் மிதிச்சாத்தான் புடிக்கும். எப்ப கைவிடும்னு தெரியாது. கியர்லயே எறக்குங்க, முதலாளி." ஒரு முக்கோண மரக்கட்டையை என் கையில் கொடுத்து, நின்றவுடன் குதித்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கச் சொன்னார்.

நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பள்ளம் வரும்போதெல்லாம் என்ஜின் உறுமியதும், இவர் கால் பெடலைக் குத்திக் குத்தி மிதித்ததும்தான் நினைவிருக்கிறது.  தோட்டத்துப் பாதையில் ஏறுவது சிரமமாக இல்லை. ஏறும்போதே நான் ஒவ்வொரு வளைவையும் பார்த்துக்கொண்டு போனேன், இதே வழியில்தானே இறங்கவேண்டும் என்று.

தங்கையைப் பின்சீட்டில் மருத்துவச்சியின் மடியில் சாய்த்துப் படுக்க வைத்தோம். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கத்தக்கூடத் தெம்பில்லை. அவள் கணவர் கார்க் கதவுக்குக் கீழிருந்த கால்பலகையில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவதிலும் பிடித்தது. அதைத் தாண்டியதும் பாதை நேராகச் சரிந்து இறங்கியது. கீழே, கொழுந்து நிறுக்கும் இடத்தில், கூடைகளோடு பெண்கள் பாதையை அடைத்து நின்றிருந்தார்கள்.

இவர் மிதித்தார். பெடல் 'தொப்'பென்று தரைப் பலகை வரை போயிற்று. மறுபடி மிதித்தார். ஒன்றுமில்லை.

"போச்சு," என்றார். கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

நான் ஹார்னை அழுத்திப் பிடித்தேன். கணக்கப்பிள்ளை பலகையில் நின்றபடியே, "வெலகுங்க! வெலகுங்க!" என்று அலறினார். பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டுத் தேயிலைக்குள் தாவினார்கள். ஒருத்தி மட்டும் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நடுப்பாதையில் நின்றுவிட்டாள். இவர் கைபிரேக்கை இழுத்து, முதல் கியரை உடைப்பது போல உள்ளே தள்ளி, மலைப் பக்கமாக ஒடித்தார். கணக்கப்பிள்ளை குதித்து உருண்டார். கார் மண்சுவரில் உரசி, ஓரத்து மழைநீர்க் கானுக்குள் இரண்டு சக்கரத்தையும் இறக்கி, சாய்ந்து நின்றது. அந்தப் பெண் நாலடி தள்ளி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

நான் கதவைத் தள்ளித் திறந்து கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் திணித்தேன். திணித்த பிறகுதான் என் முழங்கை கிழிந்திருப்பது தெரிந்தது. பின்சீட்டில் மருத்துவச்சி தங்கையைக் கட்டிப் பிடித்திருந்தாள். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

இவர் ஸ்டியரிங்கை விடவில்லை. "இதுக்கு மேல என்னால முடியாது," என்றார்.

 அதற்குள் பெண்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்த ஒருத்தி, "அய்யோ, கணக்கப்புள்ள வீட்டம்மா!" என்றாள். கணக்கப்பிள்ளை எழுந்து நொண்டிக்கொண்டே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆண்களைக் கூப்பிட்டு, தொழிற்சாலையில் கிடந்த லொறிக் கயிற்றைக் கொண்டுவரச் சொன்னார். எல்லோருமாகச் சேர்ந்து காரைக் கானிலிருந்து தூக்கி வைத்தார்கள். கயிற்றைப் பின்பக்கம் இரும்பில் கட்டி, ஆண்களும் பெண்களும் இரண்டு வரிசையாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீங்க கியர்ல விடுங்கையா. நாங்க புடிச்சிக்கிறோம்," என்றார் ஒருவர்.

இவர் திரும்பி அவர்களைப் பார்த்தார். பிறகு என்ஜினைக் கிளப்பினார்.

அப்படித்தான் இறங்கினோம். முதல் கியரில் கார் உறுமிக்கொண்டு நகர, பின்னால் அத்தனை பேரும் குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்துகொண்டு வந்தார்கள். வளைவு வரும்போது, "இறுக்கிப் புடி! வுட்றாத!" என்று கூச்சல் கேட்கும். கார் ஒரு குலுக்கலோடு தயங்கி, பிறகு நகரும். நான் காருக்குப் பக்கத்தில் கட்டையோடு நடந்தேன். ஒரு இடத்தில் கயிறு பிடித்தவர்கள் சறுக்கி விழுந்தார்கள். கார் வேகம் எடுத்தது. மற்றவர்கள் பிடித்து நிறுத்தினார்கள். விழுந்தவர்களில் ஒருவர் உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் வடிய மறுபடி வந்து பிடித்தார்.

மஸ்கெலியா கடைவீதியில் சமதரைக்கு வந்தோம். மலையிலிருந்து திரும்பிய யாத்திரைக்காரர்களின் வேன் ஒன்று தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்தது. தங்கையைப் பார்த்ததும் வெள்ளைச் சேலை கட்டிய சிங்கள அம்மா ஒருவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். அவர் என்னை முடிக்கவிடவில்லை. "அனே, நங்கி! நகின்ன, நகின்ன," என்று, தங்கச்சி என்றழைத்து ஏறச் சொல்லி, வேன் கதவைத் திறந்து, தன் கூட்டத்தாரை எல்லாம் இறக்கிவிட்டார். மூட்டை முடிச்சுகளோடு அவர்கள் தெருவோரத்தில் நின்றார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

"நீங்களும் வாங்க," என்று இவரைக் கூப்பிட்டேன். காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.  "நீ போ, நீ போ," என்று கையை மட்டும் அசைத்தார்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். ஆண் பிள்ளை. உயிர் இல்லை. தங்கை மூன்றாம் நாள்தான் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டாள்.   என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

கார் மஸ்கெலியாவிலேயே நின்றது. ரப்பர் கொழும்பிலிருந்து வந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. கராஜ்காரரைக் கூட்டிக்கொண்டு போய், இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மாட்ட வைத்தார். அன்றைக்கே அந்தக் காரில் தோட்டத்துக்கும் ஏறிப் போய், கயிறு பிடித்த ஒவ்வொருவர் வீட்டுக்கும், தொழிலாளர் குடியிருப்பில் லயம் லயமாக நடந்து, துணி கொடுத்துவிட்டு வந்தார். இறங்கும்போது பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

"வளைவுக்கு வளைவு நிப்பாட்டி, எறங்கிப் பாத்துட்டுத்தான் வந்தேன்," என்றார்.

தங்கை மறுபடி உண்டானபோது நாங்கள் யாரும் எதையும் விவாதிக்கவில்லை. ஏழாம் மாதமே அவளை ஹட்டனுக்கு அழைத்து வந்து வீட்டில் வைத்துக்கொண்டோம். அழைத்து வரப் போனவர் அவர்தான். கார் கொட்டகையில் சரியாகத்தான் இருந்தது; பஸ்ஸில் போய், பஸ்ஸிலேயே கூட்டி வந்தார்.