நாற்பத்திரண்டாம் நம்பர் பாட்டில்

குளோரின் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை, மாணவர்கள் வைத்தது. சட்டைப் பையில் எந்நேரமும் குளோரின் மாத்திரையோடு திரிகிற பேராசிரியருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வகுப்புக்குள் அவர் நுழைவதற்கு முன்பே வாசனை நுழைந்துவிடும். கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட சுதாரித்து உட்கார்ந்துவிடுவான். பட்டப்பெயர் ஒரு நாள் அவர் காதுக்கும் வந்தது. மனுஷன் கோபப்படவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம், "பசங்க பாடத்தைக் கவனிக்கிறாங்க" என்று பெருமையாகச் சொன்னார்.

உண்மையில் அவர் பாலம் கட்டத்தான் பொறியியல் படிக்கப் போனார். விடுதித் தண்ணீர் குறுக்கே வந்தது. இறுதித் தேர்வன்று மஞ்சள் காமாலையோடு போய் உட்கார்ந்தவர், வினாத்தாளைக் கையில் வாங்கியதும் வாந்தி எடுத்தார். கேள்வி அவ்வளவு கஷ்டமா என்று கண்காணிப்பாளர் கேட்டாராம். ஒரு வருஷம் போயிற்று. படுத்துக் கிடந்த மாதங்களில் பையன் உட்கார்ந்து யோசித்தான். பாலம் இல்லையென்றால் ஜனங்கள் சுற்றிக்கொண்டாவது போய்விடுவார்கள், தண்ணீர் கெட்டுப்போனால் எதைச் சுற்றிக்கொண்டு போவது? அன்றைக்கே பாலத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் வந்துவிட்டார்.

வந்தவர் சும்மா வரவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் முதலில் மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார், அப்புறம்தான் பெண்ணையும் மாப்பிள்ளையையும். யார் வீட்டிலும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்ததில்லை. தோளில் எப்போதும் ஒரு ஸ்டீல் பாட்டில் தொங்கும், கல்லூரி ஆய்வகத்தில் வடிகட்டிச் சோதித்த தண்ணீர். சொந்தக்காரர்கள் ஆசையாக டம்ளரை நீட்டும்போது இவர் பாட்டிலைத் திறப்பார். அந்த நேரம் மனைவிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று இருக்கும்.

ஊர்க்காரர்கள் யாரும் தங்கள் வீட்டுத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு விதி. பாட்டிலில் நம்பர் மட்டும்தான் இருக்கும். பெயரும் கதவு எண்ணும் எழுதிய பதிவேடு ஆய்வக உதவியாளரம்மாவின் மேஜைக்குள் பூட்டிக் கிடக்கும், இவர் சோதனை முடிவில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே வரும். இரண்டாவது விதி, தண்ணீர் மோசம் என்றால் பெயரோடு துறை வாசல் பலகையில் ஒட்டப்படும். வெட்கப்பட்டால்தான் தொட்டியைக் கழுவுவார்கள் என்பது அவர் சித்தாந்தம். ஒரு முறை கல்லூரி முதல்வர் வீட்டுப் பெயரே பலகையில் ஏறியது. அதற்கப்புறம் நான்கு வருஷமாக முதல்வர் இவரைப் பார்த்தால் சுவரைப் பார்ப்பார்.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சோதிக்காமல் வாயைத் திறந்தார். வினை அங்கேதான் பிடித்தது.

மனைவிக்குச் சில மாதங்களாக வயிறு சரியில்லை. மருந்து சாப்பிட்டால் நான்கு நாள் அடங்கும், மறுபடி ஆரம்பிக்கும். அவள் வாராவாரம் போய்வருகிற ஒரே இடம் தங்கை வீடு. குளோரின் இரண்டையும் இரண்டையும் கூட்டி, சகலைக்குப் போன் போட்டு, உங்கள் வீட்டுத் தொட்டியைக் கழுவுங்கள், வந்து போகிறவர்கள் படுத்துவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டார். போன் பக்கத்திலேயே மச்சினி நின்றிருக்கிறாள். அக்காவுக்கு ஆகாத தண்ணீர் வீட்டுக்கு அக்கா இனிமேல் வரவேண்டாம் என்று அவள் சொன்னதோடு பேச்சு முடிந்தது. கூடப்பிறந்தது இரண்டே பேர், பேசாமல் ஒரு நாள் இருந்ததில்லை. ஆறு வாரமாக மனைவி போனைக் கையில் எடுப்பாள், பார்ப்பாள், வைத்துவிடுவாள். அவள் போகாமல் இருந்தும் வயிற்றுவலி மட்டும் போகவில்லை. அது பழைய கிருமி, உள்ளேயே தங்கிவிட்டது என்று பேராசிரியர் விளக்கம் கொடுத்தார்.

தங்கள் வீட்டுத் தொட்டி மூடி காற்றில் பறந்துபோனதை மனைவி பலமுறை சொல்லியிருந்தாள். அவர் அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு வைத்தார். பார்க்கலாம், அடுத்த வாரம் என்றார். ரொம்ப நச்சரித்தால் சமையலறைச் சுவரைக் காட்டுவார். அங்கே அவரே கையெழுத்திட்ட சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது: மிகத் தூய நீர். சான்றிதழுக்கு வயது பதினொன்று.

ஒரு திங்கட்கிழமை நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று இரண்டு பாட்டில்கள் கிருமியை வளரவிட்டுப் பார்க்கிற சூட்டுப்பெட்டிக்குள் போயின. புதன்கிழமை எடுத்துப் பார்த்தார். நாற்பத்தொன்று தெளிவாக இருந்தது. நாற்பத்திரண்டு கலங்கி, நுரைத்து, உள்ளே இருந்த சின்னக் குழாய் முழுக்க வாயு, கிருமி இருப்பதற்கு அடையாளம். குளோரினுக்கு ரத்தம் கொதித்தது. வழக்கத்துக்கு மாறாகச் சிவப்பு மையில், "கழிவுக் கிருமி மிகுதி. வீட்டு உரிமையாளரின் அலட்சியம் மன்னிக்கத் தக்கதல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இதைக் குடித்து வீட்டில் யாராவது படுத்திருப்பார்கள், அந்த ஆள் என்னதான் பண்ணிக்கொண்டிருந்தான் என்று உதவியாளரம்மாவிடம் பொரிந்து தள்ளினார். அந்தம்மா பதிவேட்டை எடுத்து நீட்டினார்.

நாற்பத்தொன்று, மச்சினி வீடு. அதற்குக் கீழே இருந்த கதவு எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. தினமும் மாலை அந்தக் கதவைத்தான் திறக்கிறோம் என்பது புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டு வரியும் மனைவியின் கையெழுத்து; தங்கை வீட்டுத் தண்ணீரைச் சகலை மூலமாக வரவழைத்திருக்கிறாள்.

"சார், இது வீட்டு விஷயம். போர்டுல போடாம விட்டுடலாமா?" என்று உதவியாளரம்மா மெதுவாகக் கேட்டார்.

விட்டுவிடத்தான் மனசு சொன்னது. குண்டூசியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். முதல்வரின் முகம் ஞாபகம் வந்தது. கடைசியில் தானே எழுந்து போய், தன் பெயர் போட்ட காகிதத்தைத் தானே குத்திவிட்டு வந்தார். மதியத்துக்குள் கல்லூரியே திரண்டு வந்து படித்தது. முதல்வரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு நான்கு வருஷத்தில் முதல் முறையாகக் குளோரினைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தவர் நேராக மாடிக்கு ஏறினார். பலகை ஒருபக்கம் சரிந்து கிடந்தது. தொட்டிக்குள் மிதவைக் கம்பியின்மேல் புறாக்கள் கூடு கட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. யார் நீ என்பது போல ஒரு புறா இவரைப் பார்த்தது. கீழே இறங்கி வந்து மனைவி எதிரில் உட்கார்ந்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை.

"நீங்க நம்ம வீட்டுத் தண்ணியக் குடிச்சு எத்தனை வருஷமாச்சுங்க?" என்று கேட்டாள்.

அவர் தோளில் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பதினொரு வருஷமாக அவர் குடித்தது ஆய்வகத் தண்ணீர், அவள் குடித்தது சான்றிதழ். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, இவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று. தப்பு என் பேரில்தான் என்று சொன்னார். அவள் எழுந்து போய் அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள்.

இரண்டு நாளில் தொட்டி கழுவப்பட்டு, புது மூடி வந்தது. மனைவிக்கு டாக்டர் வேறு மருந்து கொடுத்தார். சனிக்கிழமை இருவரும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவர் பாட்டிலை எடுக்காமல் செருப்பை மாட்டியதை மனைவி பார்த்தாள்.

மச்சினி கதவைத் திறந்தாள். அக்காவை உள்ளே இழுத்துக்கொண்டாள், அத்தானை வாசலிலேயே விட்டாள். குளோரின் தானாக உள்ளே போய் உட்கார்ந்து, கையில் கொண்டுவந்திருந்த நாற்பத்தொன்றாம் நம்பர் முடிவை மேஜைமேல் வைத்தார். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு டம்ளர் தண்ணி குடும்மா," என்றார்.

அவள் அவருடைய தோளைப் பார்த்தாள், பாட்டில் இல்லை. அக்காவைப் பார்த்தாள். உள்ளே போய்க் குழாயிலேயே ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் வாங்கினார். பழக்க தோஷம், டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கக் கை பாதி உயர்ந்தது. மனைவி லேசாகக் கனைத்தாள். கை இறங்கியது. ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"அத்தான், இன்னும் கொஞ்சம்?" என்றாள் மச்சினி.

அவர் டம்ளரை நீட்டினார்.